எழுத்து வகுப்பில் சேர்ந்தபின் வாசிப்பும் வேலையும் ஏன் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக எழுத்து வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்கள் வந்து நிற்கும். முதல் வாரத்தில் "இது எதுக்கு?", நான்காவது வாரத்தில் "எனக்குப் படிக்கவே வரல", எட்டாவது வாரத்தில் "முன்னாடி நல்லா எழுதினேன், இப்ப கெட்டுப்போச்சு". கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

எழுத்து வகுப்புன்னா என்ன மேடம்? கிராமரா, கதை எழுதுறதா?

இரண்டும் இல்லை. ஒரு விஷயத்தைப் படித்து, அதைப் பற்றித் தனக்கென ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டு, அந்தக் கருத்தை ஏற்காதவரும் கடைசிவரை படிக்கும்படி எழுதப் பழகும் வகுப்பு. இலக்கணம் போகிற வழியில் வரும். ஒரு செமஸ்டரில் நான்கைந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரைவுகள், இடையில் சக மாணவர்களும் ஆசிரியரும் சொல்லும் கருத்துகள். வாரந்தோறும் வாசிப்பு.

எல்லோரும் எழுத்து மாறும் என்று நினைத்து வருகிறார்கள். நான் பார்த்தவரை முதலில் மாறுவது வாசிப்பு. அடுத்தது வேலை செய்யும் விதம். எழுத்து மூன்றாவதாகத்தான் வந்து சேர்கிறது. இந்த வரிசை தெரியாததால் நடுவில் மனம் தளர்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

நான் சயின்ஸ் ஸ்டூடன்ட். லேப் ரிப்போர்ட் எழுதத் தெரிஞ்சா போதாதா?

லேப் ரிப்போர்ட்டில் கண்ணால் பார்த்தது ஒரு பகுதியிலும், அதிலிருந்து ஊகித்தது இன்னொரு பகுதியிலும் வர வேண்டும். இந்த இரண்டையும் கலக்காமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "வெப்பம் கூடியது" என்பது பார்த்தது. "வெப்பம் கூடியதால் வினை வேகமாக நடந்தது" என்பது வாதம், அதற்கு ஆதாரம் வேண்டும். எழுத்து வகுப்பு முழுக்க இந்த ஒரு பிரிவினையைத்தான் வேறு வேறு வடிவில் பழக்குகிறது.

எழுதறதுக்கான வகுப்புல எதுக்கு இவ்வளவு படிக்கக் கொடுக்கறீங்க?

ஒரு நாற்காலியைப் பார்த்தால் நாம் உட்காருவோம். தச்சுவேலை பழகுகிறவர் குனிந்து, கால் எங்கே எப்படி மூட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். தானே ஒரு மூட்டினை அறுத்துச் செதுக்கிச் சேர்க்க முடியாமல் திணறிய பிறகுதான் அந்தப் பார்வை வரும். வாசிப்பிலும் இதேதான். தன் கட்டுரையின் முதல் பத்தியோடு இரண்டு நாள் போராடியவர், மூன்றாம் நாள் வேறொருவரின் முதல் பத்தியைப் படிக்கும்போது சும்மா கடந்துபோக மாட்டார். இவர் ஏன் புள்ளிவிவரத்தில் தொடங்காமல் ஒரு சம்பவத்தில் தொடங்கினார் என்று நின்று பார்ப்பார்.

என் வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தாளை நடுவில் மடித்து, ஒவ்வொரு பத்திக்கும் இடப்பக்கம் அது என்ன சொல்கிறது என்றும், வலப்பக்கம் அது என்ன செய்கிறது என்றும் எழுத வேண்டும். இடப்பக்கம் சுலபம்: "தேர்வுகள் மாணவர்களைப் பயமுறுத்துகின்றன என்கிறார்." வலப்பக்கம்தான் கையைக் கட்டிப்போடும்: "எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தானே முன்வைக்கிறார், அடுத்த பத்தியில் அதற்குப் பதில் சொல்வதற்காக." இதைத் தொடர்ந்து செய்தவர்கள் "ஆனால்" என்ற சொல்லின் அருமையைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலான கட்டுரைகளில் "ஆனால்" வரும்வரை இருப்பது பிறர் கருத்து, ஆசிரியரின் சொந்தக் கருத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. இது தெரியாமல், ஆசிரியர் மறுக்கப்போகிற கருத்தையே அவருடைய கருத்து என்று மேற்கோள் காட்டிவிடும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

முன்னாடி ஒரு மணி நேரத்துல முப்பது பக்கம் படிப்பேன். இப்ப பத்து தாண்ட மாட்டேங்குது. எனக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. வகுப்பு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலத்தில் கதையல்லாத நூல்களை மனதுக்குள் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் என்று 2019இல் மார்க் பிரிஸ்பார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்துக்கொண்டால், முப்பது பக்கத்தைக் கண்ணால் கடக்கவே 38 நிமிடம் போய்விடும். மிச்சம் 22 நிமிடம். அதாவது, யோசிக்கவும் திரும்பிப் பார்க்கவும் குறித்துக்கொள்ளவும் பக்கத்துக்கு முக்கால் நிமிடம்கூடக் கிடையாது. முன்பு முப்பது பக்கம் படித்தபோது அந்த வேலைகளைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்த மந்தம் நிரந்தரம் இல்லை. சில மாதங்களில் இரண்டு வேகங்கள் கைவரும். எதை மேலோட்டமாகப் பார்க்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று பிரிக்கத் தெரியும்போது நேரம் மிச்சமாகும். ஒரு கட்டுரையின் முதல் பத்தி, கடைசிப் பத்தி, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி ஆகியவற்றை மட்டும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டுமா என்று முடிவு செய்வதும் வாசிப்புதான். அதைக் குற்ற உணர்வில்லாமல் செய்யுங்கள்.

ஹைலைட்டர்ல கோடு போட்டுப் படிக்கிறேன். அது போதாதா?

போதாது. 2013இல் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளை அலசினார்கள். கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தருபவை என்று வந்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு குழு. ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவையுங்கள். பார்க்காமல் மூன்று வாக்கியம் எழுதுங்கள். பிறகு திறந்து, எங்கே தவறினீர்கள் என்று பாருங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதுவதானால் "முக்கியம்" என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தச் சொல் எதையும் சொல்லாது. "இதற்கு ஆதாரம் எங்கே?", "12ஆம் பக்கத்தில் வேறு மாதிரி சொன்னாரே" என்று எழுதினால், அந்த வரியிலிருந்தே ஒரு கட்டுரை பிறக்கும்.

லேப்டாப்ல குறிப்பு எடுக்கலாமா, கையிலதான் எழுதணுமா?

உங்கள் விருப்பம். கையால் எழுதியவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2019இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எதில் எழுதினாலும், கேட்டதை அப்படியே இறக்காமல் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

கதை படிக்கிற சந்தோஷமே போயிடுச்சு மேடம். எதைப் பார்த்தாலும் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கத் தோணுது.

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தரும், ஏனென்றால் இந்த இழப்பு உண்மையானது. மந்திரவித்தையின் சூட்சுமம் தெரிந்துவிட்டால் கொஞ்ச நாள் வித்தை பிடிக்காமல் போகும். செமஸ்டர் முழுக்க ஒரு புத்தகத்தையாவது பென்சில் இல்லாமல் படியுங்கள். அதைப் பற்றி யாரிடமும் எதுவும் எழுத வேண்டாம், என்னிடமும்.

நாளடைவில் சந்தோஷம் திரும்பி வருகிறது, வேறு இடத்தில். முன்பு கதை எங்கே போகிறது என்பதில் இருந்தது, பிறகு ஒரு வாக்கியம் எப்படி அவ்வளவு தூரம் தாங்கி நிற்கிறது என்பதிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே காலத்தில் வருவதில்லை.

முதல் வரியே வர மாட்டேங்குது. திரையைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கேன்.

முதல் வரியை முதலில் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? முதலில் திட்டம், பிறகு எழுத்து, பிறகு திருத்தம் என்று நேர்கோட்டில் வேலை நடக்கும் என நாம் நினைத்துக்கொள்கிறோம். எழுதும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைத்து ஆராய்ந்தவர்கள் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும். திட்டமிடுவது, எழுதுவது, பார்வையிடுவது மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புகுந்து வருவதை 1981இல் அவர்கள் காட்டினார்கள். எழுதத் தொடங்கிய பிறகுதான் என்ன சொல்ல வந்தோம் என்பதே பலருக்குத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான்.

பத்து நிமிடம் கடிகாரம் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், அடித்துத் திருத்தாமல் எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுங்கள். பீட்டர் எல்போ 1970களில் பரவலாக்கிய பழக்கம் இது. பத்து நிமிடத்தின் கடைசியில் பெரும்பாலும் உருப்படியாக ஒரே ஒரு வாக்கியம் இருக்கும். அதை வெட்டி எடுத்து, அடுத்த பத்து நிமிடத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

எனக்குக் கடைசி ராத்திரி பிரஷர்ல எழுதினாத்தான் நல்லா வரும். அது என் ஸ்டைல்.

அந்த ராத்திரியில் வருவது உங்கள் முதல் வரைவு. அதையே கடைசி வரைவாகக் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்கு மேல் உங்களால் என்ன முடியும் என்று உங்களுக்கே தெரியாமல் போகிறது.

நேரத்தைக் கணிப்பதில் நாம் எல்லோருமே தவறுகிறோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குத் "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். ஆக, மோசமாகப் போனால் இவ்வளவு ஆகும் என்று நினைப்பதைவிடவும் அதிகமாகத்தான் ஆகிறது. நாளைக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும்போது இந்த மூன்று எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் மாற்று மிகச் சின்னது. அசைன்மென்ட் கொடுத்த அன்றே, ஒன்றும் படிக்காமலேயே, இருபது நிமிடம் அதைப் பற்றி எழுதுங்கள். மோசமாக இருக்கட்டும். அடுத்த நாள் படிக்க உட்காரும்போது கையில் ஒரு கேள்வி இருக்கும். கேள்வியோடு படிப்பவருக்கு எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். முப்பது பக்கம், பத்துப் பக்கம் என்று மேலே கேட்ட கேள்விக்கும் உண்மையான மருந்து இதுதான். வாசிப்பும் வேலைப்பழக்கமும் இந்த இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மாற்ற முயன்றவர்கள் யாருக்கும் அது நிலைத்து நான் பார்க்கவில்லை.

டெய்லி எவ்வளவு நேரம் எழுதணும்?

அரை மணி நேரம், அதே இடம், அதே பொழுது. வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை. நிறுத்தும்போது அடுத்து என்ன எழுதப்போகிறேன் என்று அரை வரி குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

திருத்தறதுன்னா ஸ்பெல்லிங், கமா பார்க்கிறதுதானே? அதை கம்ப்யூட்டரே செய்யுதே.

1980இல் நான்சி சாமர்ஸ் 20 மாணவர்களையும் அனுபவமுள்ள 20 பேரையும் எழுதவைத்து, திரும்பத் திரும்பத் திருத்தவைத்துப் பார்த்தார். மாணவர்கள் சொற்களை மாற்றினார்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் வேறு சொல் போட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் முதலில் வாதத்தின் உருவத்தைத் தேடினார்கள், படிப்பவர் எங்கே தடுமாறுவார் என்று பார்த்தார்கள், சொல்லுக்குக் கடைசியில் வந்தார்கள். நாற்பதாண்டுகள் தாண்டியும் என் வகுப்பின் முதல் மாதம் அவர் கண்ட மாதிரியேதான் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு அருமையான ஒரு கருவி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகிறது அது. பத்தில் ஒன்று மட்டுமே தவறான சொல்லைப் பற்றியது. இந்தப் பட்டியலை மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்வேன். "மற்றொன்று விரித்தல்" என்று ஓரத்தில் எழுதினால் மாணவருக்கு உடனே விளங்கிவிடுகிறது: எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டோம். முதலாண்டுக் கட்டுரைகளில் நான் அதிகம் பார்ப்பது "சென்று தேய்ந்து இறுதல்". சூடாகத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்கி, கடைசிப் பத்தியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும்.

செய்முறை என்று கேட்டால், வாசிப்புக்குச் சொன்ன அதே மடித்த தாளை இப்போது உங்கள் கட்டுரைக்கே பயன்படுத்துங்கள். வலப்பக்கத்தில் "இந்தப் பத்தி என்ன செய்கிறது" என்பதற்குப் பதில் எழுத முடியாத பத்தி எதுவோ, அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பல நேரம் அதைத் தேட மாட்டீர்கள்.

அடுத்தவங்க கட்டுரைக்குக் கமென்ட் எழுதறதுல எனக்கு என்ன லாபம்? டீச்சர் வேலையை நான் ஏன் செய்யணும்?

லாபம் உங்களுக்குத்தான். லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் இருவரும் 2009இல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பிறர் கட்டுரைக்குக் கருத்து மட்டும் சொல்லிப் பழகியது. இன்னொரு குழு, வந்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகியது. சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியது கருத்துச் சொன்ன குழு, அதிலும் தொடக்க நிலையில் இருந்தவர்கள்.

நம் கட்டுரையில் விட்டுப்போனதை நம் மனமே நிரப்பிவிடுகிறது. அடுத்தவர் கட்டுரையில் பள்ளம் பள்ளமாகவே தெரியும். "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். எந்த வரியில் உங்களுக்குப் புரியாமல் போனது என்று சொல்லுங்கள், அது போதும்.

எட்டு வாரம் ஆச்சு. சத்தியமா முன்னாடியைவிட மோசமா எழுதறேன். மார்க்கும் குறைஞ்சிருக்கு.

முதலில் சொன்ன வரிசையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வாசிப்பு முன்னால் போய்விட்டது, கை இன்னும் பின்னால் வருகிறது. முன்பு உங்கள் குறைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகின்றன. இது பாதி விளக்கம்.

மீதிப் பாதி இன்னும் முக்கியம். சில நேரம் எழுத்து நிஜமாகவே மோசமாகிறது. "தொழில்நுட்பத்தால் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று எழுதியவரையில் உங்கள் வாக்கியங்கள் பிழையில்லாமல் இருந்தன, ஏனென்றால் அவற்றில் பாரம் இல்லை. இப்போது, ஒரு கருத்தைப் பாதி ஏற்று, மீதியை மறுத்து, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதுகிறீர்கள். அது உடையத்தான் செய்யும். மார்க் குறைந்த கட்டுரையோடு வாருங்கள், உடைந்த வாக்கியங்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் சிறந்த சிந்தனை அவற்றுக்குள்தான் இருக்கும்.

படிக்க வேண்டியதை ஏஐகிட்ட சுருக்கிக் கேட்டுக்கறேன். அதுல என்ன தப்பு?

இது எனக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய, அந்த ஐந்து நிமிடப் பார்வைக்குப் பதிலாக, பயன்படுத்தினால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சுருக்கம் தவறாகவும் இருக்கலாம், மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதீர்கள். உங்கள் கல்லூரி விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறு. சுருக்கத்தில் மடித்த தாளின் இடப்பக்கம் மட்டுமே இருக்கும். ஆசிரியர் தயங்கிய இடம், எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்த விதம், "ஆனால்" வந்த தருணம் எல்லாம் சுருக்கும்போது உதிர்ந்துவிடும். நீங்கள் கற்க வந்தது அவற்றைத்தான். தவிர, புத்தகத்தை மூடிவிட்டு மூன்று வாக்கியம் எழுதுகிறீர்களே, அந்தச் சிரமத்தில்தான் நினைவு ஏறுகிறது. அதை வேறொன்று செய்தால் அதற்குத்தான் பயிற்சி.

செமஸ்டர் முடிஞ்சதும் இதெல்லாம் மறந்துடாதா?

சிலருக்கு மறக்கிறது. ஒரு வகுப்பில் கற்றது அடுத்த வகுப்புக்குத் தானாக நடந்துபோவதில்லை, நாம்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அடுத்த செமஸ்டரின் முதல் வாரத்திலேயே வேறொரு பாடத்தின் ஒரு அத்தியாயத்துக்கு மடித்த தாள் போட்டவர்களுக்கு நிலைக்கிறது. எல்லாவற்றையும் காப்பாற்ற முயல வேண்டாம். கொடுத்த அன்றே இருபது நிமிடம், மூடிவிட்டு மூன்று வாக்கியம், இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் மாறியிருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மார்க்கை வைத்துச் சொல்வது கஷ்டம். முதல் வாரத்தில் எழுதிய கட்டுரையை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுக்கச் சொல்வேன். நான் படிக்க மாட்டேன். கடைசி வகுப்பில் திருப்பிக் கொடுப்பேன். பிரித்துப் படித்துவிட்டு, அதை எழுதிய மாணவருக்கு ஒரு பக்கம் கருத்து எழுத வேண்டும். மார்க் கிடையாது.

போன முறை ஒரு மாணவி நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோசமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல மேடம், நாலாவது பத்தியில இவ என்னவோ சொல்ல வந்திருக்கா. பயந்துட்டு விட்டுட்டா" என்றாள். மணி அடித்த பிறகும் உட்கார்ந்து, அந்த நாலாவது பத்தியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனாள்.